அவசரகாலக் கட்டுப்பாட்டு அறைகளை ஒன்றாக்குவது எப்படி? பணியாளர் மாற்றம் முதல் திறப்பு நாள் வரை முழுமையான வழிகாட்டி

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை இரண்டு பெரிய மாற்றங்களை ஒரே நாளில் செய்தது. எந்த வண்டி எங்கே போவது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கும் புதிய கணினி முறை அன்றுதான் முழு அளவில் ஓடத் தொடங்கியது. அதுவரை மூன்று பகுதிகளாகப் பிரிந்து நடந்த கட்டுப்பாட்டுப் பணியும், அதாவது அவசர அழைப்பை எடுத்து வண்டியை அனுப்பும் வேலையும், அன்றுதான் நகரம் முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டது. மறுநாள் பிற்பகலிலேயே பாதி வேலையைக் கையால் செய்யும் முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4 அதிகாலை கணினி அடியோடு நின்றுபோனது. மென்பொருள் பாடங்களில் இன்றும் இது கணினித் தோல்வியாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் 1993-ல் வந்த விசாரணை அறிக்கை வேறொன்றையும் பதிவு செய்தது. ஊழியர்கள் பழக்கமில்லாத இடங்களில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். கைக்கு அடக்கமான காகிதச் சீட்டுகள் எடுக்கப்பட்டுவிட்டன. இத்தனை காலம் பக்கத்தில் அமர்ந்து சிக்கல்களைச் சேர்ந்தே அவிழ்த்த சக ஊழியரும் பக்கத்தில் இல்லை.

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்தக் கடைசி வரிதான். இணைப்புத் திட்டங்கள் பெரும்பாலும் கட்டடத்தில் தொடங்கி, கணினிக்கு வந்து, ஆட்களிடம் கடைசியாக வந்து சேர்கின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று எந்தச் சேவையின் அறைகளை இணைக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தாலும், கீழுள்ள படிகளை இந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எதை இணைக்கிறோம், எதற்காக?

"இணைப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரே சேவையின் பல வட்டார அறைகளை ஓர் அறையாக்கலாம். வெவ்வேறு சேவைகளை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, அவரவர் வேலையை அவரவரே பார்க்கலாம். பின்லாந்தைப் போல, ஒரே பணியாளர் போலீஸ், மீட்பு, மருத்துவம் மூன்றுக்குமான அழைப்புகளைக் கையாளலாம். நான்காவதாக, அறைகளை அப்படியே விட்டுவிட்டு மென்பொருளையும் வரைபடத்தையும் மட்டும் பொதுவாக்கலாம். இந்த நான்காவது வழியை யாரும் "இணைப்பு" என்று அறிவித்துப் பெருமைப்படுவதில்லை. ஆனால் பல இடங்களில் தேவை அதோடு தீர்ந்துவிடும். முதல் கூட்டத்திலேயே அதை மேசையில் வையுங்கள்.

நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லாச் சேவைகளின் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். இங்கிலாந்து அரசு 2004-ல் தொடங்கிய திட்டம் 46 தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளை 9 வட்டார மையங்களாகச் சுருக்க நினைத்தது. 2010 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீணானது. கட்டடங்கள் எழும்பின, கணினி முறை வந்து சேரவில்லை, உள்ளூர்த் தீயணைப்புச் சேவைகளோ தொடக்கத்திலிருந்தே மனம் ஒப்பவில்லை. மேலிருந்து வரும் ஆணையால் கட்டடம் கட்டலாம். அழைப்பை எடுப்பவரும் வண்டியை ஓட்டுபவரும் ஒத்துக்கொள்ளாமல் அதில் வேலை நடக்காது.

செலவு குறையும் என்ற வாதத்தையும் எண்ணோடு பார்த்துவிடுவோம். ஓர் அறைக்கு மணிக்கு 60 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது அழைப்புகளை 10 விநாடிக்குள் எடுக்க வேண்டும். டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1917-ல் வெளியிட்ட தொலைபேசிச் சூத்திரத்தின்படி அதற்கு 6 பேர் தேவை. இப்படி இரண்டு அறைகள் இருந்தால் 12 பேர். இரண்டையும் ஒன்றாக்கி மணிக்கு 120 அழைப்புகள் வந்தால், அதே வேகத்துக்கு 10 பேர் போதும். மிச்சம் இரண்டு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் வாரத்தின் 168 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும். ஒருவர் 40 மணி நேரம் பார்த்தால் ஒரு நாற்காலிக்கு 4.2 பேர், விடுப்பு, பயிற்சி, நோய் எல்லாம் சேர்த்தால் ஐந்துக்கு மேல். ஆக, மிச்சமாவது ஏறத்தாழ 10 பணியிடங்கள்.

உண்மையான மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் அழைப்புகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வருவதாக எடுத்துக்கொள்கிறது. புயலிலும் பெருந்தீயிலும் அப்படி வருவதில்லை. ஒரே நிமிடத்தில் எல்லோரும் அழைக்கிறார்கள். மேலும் இந்த 10 பணியிடங்களின் கணக்கு அழைப்பை எடுப்பவர்களுக்கு மட்டும்தான். வண்டிகளை ஒயர்லெஸ்ஸில் நடத்துபவர்களின் வேலை வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இணைப்பதால் அந்த வேலை ஒரு துளியும் குறையாது. இரண்டு பிரிவினரையும் ஒரே தலைப்பில் கூட்டிக் காட்டும் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

படி 2: ஊழியர்களுக்கு முதலில் சொல்லுங்கள்

ஓர் அறை மூடப்படப்போகிறது என்ற செய்தி கசிந்த நாளிலிருந்து அந்த அறை ஆட்களை இழக்கத் தொடங்குகிறது. மூடும் தேதி இரண்டு ஆண்டு தள்ளி இருக்கலாம். நல்ல வேலை தேடிக்கொள்ளக்கூடியவர், அதாவது மிகத் திறமையானவர், முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுவார். மிச்சமிருப்பவர்கள் கூடுதல் நேரம் பார்ப்பார்கள், களைப்பார்கள், அவர்களிலும் சிலர் போவார்கள். புதிய அறை தயாராவதற்கு முன்பே பழைய அறை சரியும் ஆபத்து இதில்தான் இருக்கிறது. எந்த மென்பொருள் கோளாறைவிடவும் இதைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன்.

அதனால் செய்தி பத்திரிகையில் வருவதற்கு முன் ஊழியர்களிடம் போங்கள். மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக, இரவு ஷிப்டுக்கு இரவிலேயே போய்ச் சொல்லுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், முடிவாகாததை "இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதி வந்ததும், சொல்ல ஒன்றுமே இல்லையென்றாலும் மறுபடி போய் நில்லுங்கள்.

தொழிற்சங்கப் பிரதிநிதிகளைத் திட்டக் குழுவிலேயே உட்காரவையுங்கள். முடிவெடுத்தபின் கலந்தாலோசிப்பதற்குப் பெயர் கலந்தாலோசனை இல்லை.

படி 3: பணி மாற்றத்தின் சட்டமும் கணக்கும்

ஒரு நிறுவனத்தின் வேலை இன்னொன்றின் கைக்குப் போகும்போது ஊழியரின் உரிமைகள் என்னவாகும்? ஐரோப்பாவில் இதற்கான பொதுவிதி 1977-ல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2001-ன் வடிவம். அதன் சாரம் எளிமையானது. வேலை ஒப்பந்தம் இருந்தபடியே புதிய முதலாளியிடம் போகும். பணித் தொடர்ச்சி அறுபடாது. மாற்றத்தை மட்டுமே காரணம் காட்டி ஒருவரை நீக்கக் கூடாது. ஊழியர் பிரதிநிதிகளுக்கு முன்கூட்டியே தகவல் தந்து ஆலோசிக்க வேண்டும். ஆனால் அரசு நிர்வாக அமைப்புகளுக்குள் நடக்கும் மறுசீரமைப்பு இந்த விதிக்கு வெளியே நிற்கிறது. அவசரச் சேவைகள் பெரும்பாலும் அரசின் கையில்தான் இருக்கின்றன. எனவே, "சட்டம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நாட்டில் எந்த விதி பொருந்தும் என்று தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பொருந்தும் விதியே இல்லாவிட்டால், அதே பாதுகாப்பை ஒப்பந்தமாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது பணியாளர் பட்டியல். பெயரும் பதவியும் மட்டும் கொண்ட பட்டியல் உதவாது. ஒவ்வொருவருக்கும் அடிப்படை ஊதியம், இரவுப்படி, பணிமூப்பு, மிச்ச விடுப்பு, ஓய்வூதியத் திட்டம், முடித்த பயிற்சிகள், பேசும் மொழிகள், உடல்நலம் அல்லது குடும்பக் காரணத்தால் தரப்பட்ட தனி ஏற்பாடுகள், நிலுவையில் உள்ள ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை வேண்டும். "தனி ஏற்பாடுகள்" என்பதில்தான் பெரிய சண்டைகள் பிறக்கின்றன. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு அரை மணி நேரம் தாமதமாக வர ஒருவருக்கு அனுமதி இருந்திருக்கும். அது எந்தக் கோப்பிலும் இராது. பழைய மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்லாகவே ஓடியிருக்கும். ஊழியரிடமே பட்டியலைக் காட்டி, விட்டுப்போனதைச் சேர்த்து, கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு அறைகளில் ஊதியம் வேறுவேறாகத்தான் இருக்கும். புதிய அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து ஒரே அழைப்பை எடுக்கும் இருவருக்கு இரண்டு சம்பளம் என்பது முதல் வாரமே தெரிந்துவிடும். கூடுதல் வாங்குபவரின் சம்பளத்தைக் குறைக்காமல், குறைவாக வாங்குபவரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் மேலே கொண்டுவருவதுதான் நிலைக்கக்கூடிய ஒரே வழி. செலவுதான். அதைத் திட்ட மதிப்பீட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்த்தால் மிச்சம் காணாமல் போகிறதென்றால், அந்த மிச்சம் முதலிலேயே இல்லை என்று பொருள்.

தூரத்தை வரைபடத்தில் கிலோமீட்டராகப் பார்க்காதீர்கள். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்தவர் எப்படி வீடு போவார், காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ் இருக்கிறதா என்று ஒவ்வொரு முகவரிக்கும் பாருங்கள். வர முடியாதவர்களுக்கு அதே சேவையில் மாற்று வேலை, அல்லது கண்ணியமான ஓய்வு. மூடும் நாள் வரை நின்று வேலை பார்ப்பவர்களுக்கு ஊக்கத்தொகை தாருங்கள். அதையும் மூடும் நாளில் மொத்தமாகக் கொடுங்கள்.

படி 4: தலைக்குள் இருப்பதை எழுத்தில் எடுங்கள்

மூடப்போகும் அறையில் ஒரு முழு ஷிப்ட், அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பேசாமல் பார்க்க வேண்டும். அழைப்பவர், "மில் பாலத்துக்குக் கீழே" என்கிறார். மில் மூடி இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும். வரைபடத்தில் அந்தப் பாலத்துக்கு ஒரு தலைவரின் பெயர் இருக்கும். உங்கள் பக்கத்தில் இருக்கும் ஊழியர் கண் இமைக்காமல் சரியான இடத்தைப் புள்ளியிடுகிறார். அதே கையோடு ஓட்டுநரிடம், "கிழக்குப் பக்கமாக வராதீர்கள், உயரத் தடுப்பு இருக்கிறது, தீயணைப்பு வண்டி நுழையாது" என்கிறார். இந்த இரண்டு தகவல்களும் எந்தக் கணினியிலும் இல்லை. திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் துண்டுச் சீட்டிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் இருக்கும். மூடும் நாளில் துப்புரவுப் பணியாளர் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தான்.

அந்தச் சீட்டுகளைப் படம் எடுங்கள். சுவரில் உள்ள வரைபடத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூத்த ஊழியர்களை ஷிப்டிலிருந்து விடுவித்து, மூன்று மாதமாவது இந்த ஒரே வேலையைக் கொடுங்கள்: மக்கள் வாயில் புழங்கும் இடப்பெயர்கள், எண் இல்லாத வீடுகள், பூட்டிய வாசல்களின் சாவி யாரிடம், எந்தச் சாலை மழையில் மூழ்கும், எந்தத் தொழிற்சாலையில் எந்த ரசாயனம், எந்த மருத்துவமனை எந்த நேரத்தில் எந்த நோயாளியை ஏற்கும். எடுத்ததை இடப்பெயர்த் தரவில் ஏற்றுங்கள். ஷிப்ட் முடிந்தபின் செய்துகொள்ளச் சொன்னால் இது நடக்காது.

இணைப்பு புதிதாக உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. ஒரு வட்டாரத்தில் "சர்ச் தெரு" ஒன்றுதான் இருந்திருக்கும். நான்கு வட்டாரங்கள் சேர்ந்ததும் அது பதினொன்றாகிவிடும். திரையில் முதலாவதாகத் தெரிவதைச் சொடுக்கும் கை, வண்டியை நாற்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிடும். இரட்டைப் பெயர்களின் முழுப் பட்டியல் எடுத்து, அப்பெயர் வந்தால் எந்த ஊர் என்று கேட்காமல் மேலே போக முடியாதபடி மென்பொருளைக் கட்டுங்கள். வண்டிகளின் அழைப்பெயர்களுக்கும் இதே கதைதான். ஒயர்லெஸ்ஸில் இரண்டு "நான்காம் எண் வண்டி" பதில் சொன்னால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

படி 5: ஒரே நடைமுறை, ஒரே பயிற்சி

இரண்டு அறைகளிலும் "அவசரம்" என்ற சொல் ஒரே பொருளில் புழங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஓர் அறையில் "முதல் நிலை" என்றால் உயிருக்கு ஆபத்து. மற்றதில் அதே சொல் குற்றவாளி அங்கேயே இருக்கிறான் என்பதைக் குறிக்கும். பெரிய அறையின் நடைமுறையைச் சிறிய அறையின் மேல் அப்படியே சுமத்துவது எளிது. அதைச் செய்யாதீர்கள். இருபது பழைய அழைப்புகளின் பதிவுகளை எடுத்து, இரண்டு அறை ஊழியர்களையும் தனித்தனியே வகைப்படுத்தச் சொல்லுங்கள். எங்கே விடை வேறுபடுகிறதோ அங்கே பேச்சைத் தொடங்குங்கள். சிறிய அறையின் வழக்கமே மேலானது என்று பல இடங்களில் தெரியவரும்.

எழுதப்படாத வழக்கம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. அங்கே 8 போலீஸ் படைகள் 2013 ஏப்ரல் 1 அன்று ஒன்றாயின. பிறகு கட்டுப்பாட்டு அறைகள் ஒவ்வொன்றாக மூடி இணைக்கப்பட்டு வந்தன. 2015 ஜூலை 5 அன்று, ஒரு கார் சாலையை விட்டு விலகிக் கிடக்கிறது என்று ஒருவர் அழைத்துச் சொன்னார். அழைப்பை எடுத்தவர் அதை நோட்டில் எழுதினார், கணினியில் ஏற்றவில்லை. மூன்று நாள் கழித்து இன்னொருவர் அழைத்த பிறகுதான் போலீஸ் அந்தக் காரைச் சென்றடைந்தது. உள்ளே இருந்த இருவரில் ஒருவர் இறந்திருந்தார்; மற்றவர் உயிரோடு மீட்கப்பட்டு, சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். 2021-ல் நீதிமன்றம் காவல்துறைக்கு 1 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. மனிதப் பிழை நேர இடம் கொடுக்கும் முறையை வைத்திருந்தது அமைப்பின் குற்றம் என்று கொள்ளப்பட்டது. அழைப்பின் விவரம் கணினிக்கு வெளியே தங்கக்கூடிய எல்லா இடங்களையும் தேடி அடைத்துவிடுங்கள்: நோட்டு, துண்டுச் சீட்டு, "நான் சொல்லிவிடுகிறேன்" என்ற வாக்குறுதி.

பயிற்சிக்குக் காலம் கொடுங்கள். பல சேவைகளின் அழைப்பையும் ஒருவரே எடுக்கும் பின்லாந்தில், அந்த வேலைக்கான படிப்பு மட்டும் ஒன்றரை ஆண்டு. தீயணைப்பு அழைப்பு எடுத்தவரை இரண்டு வார வகுப்பில் மருத்துவ அழைப்புக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு தகவலைச் சொல்லுங்கள்.

படி 6: கருவிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விற்பவர்கள் இதைப் பற்றி நிறையச் சொல்வார்கள். தொலைபேசி, ஒயர்லெஸ், வண்டி அனுப்பும் மென்பொருள், வரைபடம், குரல் பதிவு ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முடிந்தால் பழைய அறைகளிலேயே புதிய மென்பொருளை முதலில் பழக்கி, அதன்பிறகு ஆட்களை இடம் மாற்றுங்கள். புதிய கருவி, புதிய இடம், புதிய சக ஊழியர் மூன்றையும் ஒரே காலையில் ஒருவர் தலையில் ஏற்றியதுதான் லண்டனில் நடந்தது.

மாற்று ஏற்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று அறைகள் இருந்தபோது ஒன்று எரிந்தால் மற்ற இரண்டு இருந்தன. ஒன்றானபின் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மூடும் அறைகளில் ஒன்றையாவது இருப்பு அறையாக வைத்து, மாதம் ஒரு ஷிப்டை அங்கிருந்தே நடத்துங்கள். சோதிக்காத மாற்று ஏற்பாடு கைகொடுக்காது என்பதையும் லண்டனே காட்டியது. 1992 நவம்பர் 4 அன்று முதல் சர்வர் நின்றபோது, முழுமையாகச் சோதிக்கப்படாத இரண்டாவது சர்வர் வேலையைத் தாங்கவில்லை.

வெளி அறைகளுக்கு அழைப்பு வழிந்து போகும் ஏற்பாட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2017-ல் லண்டன் கிரென்பெல் அடுக்குமாடித் தீயின்போது அழைப்புகள் பெருகி, நகருக்கு வெளியே உள்ள அறைகளுக்குப் போயின. அங்கே எடுத்தவர்களுக்குத் தீ எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது உடனுக்குடன் தெரியவில்லை. அழைப்பு போகும் இடத்துக்கெல்லாம் நிலவரமும் போக வேண்டும்.

படி 7: மாறும் நாள்

ஒரு நேரத்தில் ஒரு வட்டாரம். சிறியதிலிருந்து தொடங்குங்கள். திருவிழா, தேர்தல், புயல் காலம், பள்ளி விடுமுறை எதுவும் இல்லாத வாரத்தின் நடுநாளில், அழைப்பு குறைவாக இருக்கும் அதிகாலையில் மாற்றுங்கள். பழைய அறையிலும் முழு ஷிப்ட் உட்கார்ந்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வாரத்துக்கு. இரட்டைச் செலவு என்று நிதித்துறை கேட்கும். ஆம், இரட்டைச் செலவுதான்.

எந்த நிலை வந்தால் பின்வாங்குவோம் என்பதை எண்ணாக எழுதி, ஒரு மாதம் முன்பே ஒட்டிவிடுங்கள்: இத்தனை அழைப்புகள் இத்தனை விநாடிக்கு மேல் காத்திருந்தால், இத்தனை வண்டிகளின் இருப்பிடம் திரையிலிருந்து காணாமல் போனால். பின்வாங்கும் அதிகாரத்தை அந்த ஷிப்டின் மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். மேலதிகாரியின் அனுமதிக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஓர் உயிர் போகும்.

புதிய அறையில் ஒவ்வொரு வட்டாரத்தின் ஊழியர்களையும் முதல் ஆறு மாதம் சேர்த்தே உட்காரவையுங்கள். கலந்து பழகட்டும் என்று முதல் நாளே பிரித்துப்போடும் ஆசை நிர்வாகத்துக்கு வரும். தன் ஊரின் மில் பாலத்தை அறிந்தவர் அந்த ஊரின் அழைப்பைக் காதால் கேட்கும் தூரத்திலாவது இருக்க வேண்டும். கலப்பது தானாக நடக்கும். தேநீர் மேசையில் நடக்கும்.

படி 8: அதற்குப் பிறகு

சராசரியை நம்பாதீர்கள். அமெரிக்காவின் தேசிய அவசர எண் சங்கம் 2020-ல் வகுத்த தரத்தின்படி 90 சதவீத அழைப்புகள் 15 விநாடிக்குள்ளும், 95 சதவீதம் 20 விநாடிக்குள்ளும் எடுக்கப்பட வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் நீங்கள் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து கேட்க வேண்டியது மிச்சமுள்ள ஐந்து சதவீதத்தை. மிக நீண்ட நேரம் காத்திருந்த பத்து அழைப்புகள், வண்டி தவறான முகவரிக்குப் போன ஒவ்வொரு அழைப்பு, எடுப்பதற்குள் துண்டிக்கப்பட்ட அழைப்புகள். வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துப் பாருங்கள். மொத்தக் கணக்கு நன்றாக இருக்கும்போதே ஒரு சிறிய வட்டாரம் மோசமாகிக்கொண்டிருக்கலாம்.

நோய் விடுப்பையும் விலகல் கடிதங்களையும் அதே அறிக்கையில் சேருங்கள். அழைப்பின் தாமதம் ஏறுவதற்குப் பல வாரம் முன்பே இவை ஏறும். ஒருவர் விலகினால், அவரோடு எந்த ஊரின் அறிவு போகிறது என்று பட்டியலில் பாருங்கள்.

கடைசியாக, பழைய அறைகளின் நேரடித் தொலைபேசி எண்கள். அவற்றைத் துண்டிக்க யாரோ ஒரு கணக்காளர் கோப்பு அனுப்புவார். கையெழுத்திடாதீர்கள். அந்த எண்கள் முதியோர் இல்லத்தின் சமையலறைச் சுவரிலும், தொழிற்சாலைக் காவலாளியின் மேசைக் கண்ணாடிக்குக் கீழும், மலைப்பாதைக் கடையின் கதவுப் பின்புறத்திலும் சாக்கட்டியால் எழுதப்பட்டிருக்கின்றன. அவை எல்லாவற்றையும் புதிய அறைக்குத் திருப்பிவிடுங்கள். எடுப்பவரின் திரையில், அழைப்பு எந்தப் பழைய எண் வழியாக வந்தது என்று தெரிய வேண்டும். ஓர் எண்ணில் தொடர்ந்து ஓராண்டு ஒரு அழைப்பும் வராதபோது, அப்போது அந்த எண்ணைப் பற்றிப் பேசலாம்.